மாளிகைச் சுவரில் மாட்டியிருக்கும் பிட் உருவப்படம் போலியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஒரு பழைய பிரபுக் குடும்பத்தின் மாளிகையைச் சுற்றிப் பார்த்தபோது, அதன் உணவறையில் பிரதமர் இளைய வில்லியம் பிட்டின் எண்ணெய் வண்ண உருவப்படம் ஒன்றைப் பார்த்திருக்கிறீர்கள்; அதன் கீழே ஓவியரின் பெயராக ‘ஜான் ஹாப்னர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. நான்கு நாள் கழித்து, வேறொரு மாவட்டத்தில் உள்ள மற்றொரு மாளிகையில் அதே முகம், அதே கருநிற மேலங்கி, அதே வெள்ளைக் கழுத்துத்துணி. அங்கே ‘ஜான் ஹாப்னரைப் பின்பற்றியது’ என்று எழுதியிருந்தது. இரண்டாவது படம் போலிதானே, போலியைப் பொன்முலாம் பூசிய சட்டத்தில் மாட்டிக் காட்சிக்கு வைப்பது சரியா என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது அசலா போலியா என்ற கேள்வி. உங்கள் கடைசி வரியைப் படித்தபோது, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று தோன்றியது: ஓவியரின் கைபட்ட படம் எது என்பதை எப்படி அறிவது, அவர் கை படாத படத்தை ஒரு மாளிகை ஏன் இருநூறு ஆண்டுகளாகக் காத்து வைத்திருக்கிறது? ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்று, பதினேழு ஆண்டுகளாக இத்தகைய வீடுகளின் எண்ணெய் ஓவியங்களைப் பட்டியலிட்டும் அவற்றின் நிலை குறித்து அறிக்கை எழுதியும் வருபவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன்: இரண்டாவது படம் போலி அல்ல. பிறரை ஏமாற்றும் நோக்கத்துடன், வேறொருவர் வரைந்ததாக விற்பதற்காகச் செய்யப்படுவதே போலி. ‘பின்பற்றியது’ என்ற சொல்லை அட்டையில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கும் படத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. ஓவியப் பட்டியல்களில் இந்தச் சொல்லுக்குத் திட்டமான பொருள் உண்டு. ஓவியரின் பெயர் மட்டும் இருந்தால், அவரே வரைந்தது என்று பட்டியலிட்டவர் நம்புகிறார். ‘அவருடையதாகக் கருதப்படுவது’ என்றால் நம்பிக்கை உண்டு, சான்று போதவில்லை. ‘அவரது பட்டறை’ என்றால், அவர் மேற்பார்வையில் உதவியாளர்கள் செய்தது. ‘அவரைப் பின்பற்றியது’ என்றால், அவருடைய ஒரு குறிப்பிட்ட படத்தைப் பார்த்து, எந்தக் காலத்திலோ, யாரோ எடுத்த நகல். இந்தப் படிநிலையில் ஒரு படம் எங்கே நிற்கிறது என்பது பட்டியலிட்டவரின் தீர்ப்பு மட்டுமே. புதிய சான்று கிடைத்தால் மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும். அதனால் முதல் மாளிகையின் அட்டையில் ஹாப்னர் பெயர் மட்டும் இருப்பதை வைத்து அது அசல் என்று முடிவுகட்ட வேண்டாம். அனுபவத்தில் சொல்கிறேன், தயக்கமின்றிப் பெயரைப் போட்டிருக்கும் அட்டையைக் கண்டால்தான் எனக்கு ஐயம் அதிகம்.

ஒரே படம் இத்தனை வீடுகளில் இருப்பதற்கான காரணம் பிட்டின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1759-இல் பிறந்த அவர், 1783 டிசம்பரில், 24 வயதில் பிரதமரானார். 1801 வரை தொடர்ந்தும், பிறகு 1804 முதல் இறக்கும் வரையும் அப்பதவியில் இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியை அரசின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்த 1784-ஆம் ஆண்டுச் சட்டத்தை நாம் பள்ளிப் பாடத்தில் ‘பிட் இந்தியச் சட்டம்’ என்று படித்தோமே, அந்தப் பிட் இவர்தான். இரண்டாம் முறை பிரதமராக இருந்தபோது, 1804–05 காலத்தில், லண்டனின் முன்னணி உருவப்பட ஓவியர்களில் ஒருவரான ஜான் ஹாப்னர் அவரை வரைந்தார். 1806 ஜனவரி 23 அன்று, 46 வயதில், பிட் காலமானார். நெப்போலியனுடனான போர் நடுவழியில் நின்ற நேரம்; அவரைப் பின்பற்றியவர்களுக்கு அது ஒரு தலைவரை இழந்த துயரம் மட்டுமன்று, ஓர் அணியே தலையற்று நின்ற நிலை. அவருடைய உருவம் தங்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்று ஆதரவாளர்கள் விரும்பினார்கள். ஹாப்னரின் படமோ அவரது இறுதி ஆண்டுகளின் முகத்தைத் தாங்கியிருந்தது. ஹாப்னரின் பட்டறை அதன் பிரதிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தயாரித்துக் கொடுத்தது. பட்டறைக்கு வெளியிலிருந்தவர்களும் நகலெடுத்தார்கள். சிற்பி ஜோசப் நொலெகன்ஸ், இறந்த பிட்டின் முகத்தில் அச்செடுத்துச் செய்த மார்பளவுச் சிலைக்கும் இதே கதைதான்: பளிங்கில் 70-க்கும் மேற்பட்ட பிரதிகளும் பிளாஸ்டரில் சுமார் 600 பிரதிகளும் விற்றதாக அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. தாமஸ் லாரன்ஸ் பிட்டை வரைந்ததும் அவர் இறந்த பிறகுதான்.

இந்த வீடுகளில் ஓர் அரசியல்வாதியின் படம் அலங்காரத்துக்காக மட்டும் மாட்டப்படுவதில்லை. பிட்டின் எதிரணித் தலைவரான சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸும் அதே 1806-இல், செப்டம்பரில், இறந்தார். அவருடைய படமும் சிலையும், அவர் சார்ந்த ‘விக்’ என்ற அரசியல் அணியின் குடும்பங்களுடைய வீடுகளுக்குச் சென்றன. பிட்டின் உருவம் அவருடைய ஆதரவாளர்களின் வீடுகளுக்குச் சென்றது. விருந்துக்கு வருபவர், உணவறைச் சுவரை ஒருமுறை பார்த்தவுடனேயே அந்த வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்வார். ஆகவே, ஹாப்னரிடம் பிரதி கேட்டு எழுதிய ஒரு பிரபு, தாம் வாங்குவது பிரதி என்பதை நன்றாக அறிந்தே வாங்கினார். அவருக்கு வேண்டியது தூரிகையின் மேதைமை அல்ல. அந்த முகம், அந்தச் சுவரில், அந்த ஆண்டில். நீங்கள் இரண்டாவது மாளிகையில் பார்த்தது இப்படி வந்த படமாக இருந்தால், அது அந்தக் குடும்பத்தின் அரசியல் வரலாற்றுக்கு முதல்தரச் சான்று. ஹாப்னரின் கையால் ஆன ஒரு படத்தை 1920-களில் ஏலத்தில் வாங்கிக் கொண்டுவந்து மாட்டியிருந்தால், அந்த வீட்டைப் பற்றி அது இதைவிடக் குறைவாகவே பேசும்.

பிரதி என்பதிலும் பல தரங்கள் உண்டு. அக்காலத்து உருவப்படத் தொழிலில் கேன்வாஸ் அளவுகள் ஏறத்தாழ நிலையானவை: தலையும் தோளும் மட்டும் என்றால் 30-க்கு 25 அங்குலம், தொடைவரை என்றால் 50-க்கு 40 அங்குலம், முழு உருவத்துக்கு அதைவிடப் பெரியது. அளவைப் பொறுத்தே விலை. வரையப்படுபவர் ஓவியர் முன் அமர்ந்த சில மணி நேரத்தில் முகம் பிடிபடும்; உடை, நாற்காலி, திரை, வானம் முதலியவற்றை உதவியாளர்கள் நிரப்புவது வழக்கம். இப்படி உருவான முதற்படத்தைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டு பிரதி எடுக்கும்போது, சிலவற்றில் ஓவியர் தாமே முகத்தைத் தொட்டு முடிப்பார். சிலவற்றில் ஒரு பார்வையோடு சரி. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு கிழிப்பதுதான் எங்கள் தொழிலில் மிகக் கடினமான வேலை. ‘முகம் ஹாப்னர், கோட்டு வேறொருவர்’ என்று நான் ஓர் அறிக்கையில் எழுதினால், பின்பாதியை உறுதியாகவும் முன்பாதியை ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாப்னர் 1810-இல் இறந்துவிட்டதால், பிட் மறைவுக்குப் பிறகு அவர் கண்காணிப்பில் பிரதிகள் எடுக்க இருந்த காலம் நான்கே ஆண்டுகள் என்பது மட்டும் நமக்குச் சாதகமான ஒரு வரம்பு.

ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு நான் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, கழுத்துத்துணியை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டின் மாடிப்படி ஓரத்தில் தொங்கிய, இதே போன்ற ஓர் அரசியல்வாதியின் படத்தை இறக்கி, அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். வெள்ளைத் துணியின் மடிப்புகள் ஒவ்வொன்றும் ஓரத்தில் ஒரு மெல்லிய வரம்பு கட்டினாற்போல் நின்றன. மடிப்பின் நிழலைச் சாம்பல் நிறத்தில் முதலில் பூசி, உலரவிட்டு, அதன்மேல் வெளிச்சத்தைக் கவனமாக வைத்திருந்தார்கள். துணியை நேரில் பார்த்து வரைகிறவர் அப்படிச் செய்வதில்லை. ஈரத்தின்மேல் ஈரமாக, தடித்த வெள்ளையை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டுப் போவார். தூரிகை மயிரின் தடம் பொட்டுப் பொட்டாக மேலெழுந்து நிற்கும், நிழலின் சாம்பல் அதில் கலந்து ஓடும். அந்தப் படத்தில் கையின் வேகம் எங்குமே இல்லை. பார்த்துப் பார்த்து எழுதிய கையெழுத்தைப் போல இருந்தது. காதைப் பார்த்தேன். காதின் உள்மடல் எங்கே திரும்புகிறது என்று புரியாமலேயே ஒரு கோட்டை வளைத்து முடித்திருந்தார் வரைந்தவர். முகம் யாருக்கும் நன்றாகவே வரும், எல்லோரும் அதில்தான் கவனம் வைப்பார்கள். காதும் துணியும்தான் காட்டிக்கொடுக்கும். அந்தப் படத்தை ‘பின்பற்றியது’ என்று மாற்றி எழுதினேன். குடும்பத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் அதைக் கேட்டு வருந்தியது இன்றும் நினைவில் இருக்கிறது. நான் படத்தின் தகுதியைக் குறைக்கவில்லை, அட்டையின் பிழையைத்தான் நீக்கினேன் என்பதை அவருக்கு விளக்க நெடுநேரம் ஆயிற்று.

நகலெடுத்தவர் எண்ணெய் ஓவியத்தையே பார்த்து எடுத்தாரா, அச்சுப் படத்தைப் பார்த்து எடுத்தாரா என்பதும் பல வேளைகளில் தெரிந்துவிடும். புகழ்பெற்ற உருவப்படங்கள் செப்புத்தகட்டில் பொறிக்கப்பட்டுக் கறுப்பு வெள்ளையில் அச்சாகி ஊரெங்கும் விற்றன. அதைப் பார்த்து வரைந்தவருக்கு மேலங்கியின் நிறமும் கண்ணின் நிறமும் தெரியாது; ஊகித்துப் போட்டிருப்பார். தகட்டில் நேராகப் பொறித்தால் அச்சில் இடம் வலமாகும் என்பதால், அவசரத்தில் செய்த மலிவுப் பதிப்புகள் உருவத்தைத் திருப்பிக் காட்டும். அதைப் பார்த்து எடுத்த நகலும் திரும்பியே இருக்கும். முடியையும் கவனிக்க வேண்டும். அந்தத் தலைமுறை ஆண்கள் தலைமுடிக்கு வெண்பொடி பூசினார்கள். 1795-இல் பிட்டின் அரசே அந்தப் பொடிக்கு ஆண்டுக்கு ஒரு கினி (அக்கால ஆங்கில நாணயம்) வரி விதித்தது, அதன் பிறகு வழக்கம் வேகமாகக் குறைந்தது. ஐம்பது ஆண்டு கழித்து நகலெடுத்த ஒருவர் பொடி பூசிய தலையை வாழ்க்கையில் பார்த்தே இருக்கமாட்டார். அவர் கையில் அது முதியவரின் நரையாக மாறிவிடும், நாற்பத்தைந்து வயது மனிதர் அறுபதைத் தாண்டியவராகத் தெரிவார்.

இவையெல்லாம் கண்ணின் தீர்ப்பு, கண் தவறும். அதனால் படத்தைத் திருப்பிப் பார்ப்பது எனக்கு முன்புறத்தை விடவும் பிடித்த வேலை. பழைய கேன்வாஸின் பின்னால், அதை விற்ற கடையின் முத்திரை இருக்கலாம். உதாரணமாக, வின்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் 1832-இல் தொடங்கியது. அவர்களுடைய முத்திரை கேன்வாஸிலேயே பதிந்திருந்தால், ஹாப்னர் அதைத் தொட்டிருக்க வழியே இல்லை. 1831 வரை துணிக்கு வரி இருந்ததால், வரி முத்திரை காணப்பட்டால் அது நேர்மாறான திசையில் உதவும். ஆனால் இங்கே ஒரு பெரிய தடை இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில், நைந்த கேன்வாஸ்களின் பின்னால் பசையும் கோந்தும் வைத்துப் புதுத்துணி ஒட்டுவது பொது வழக்கமாக இருந்தது. ‘லைனிங்’ என்று சொல்வோம். அந்தத் துணி முத்திரைகளை மூடிவிடும். லைனிங் துணியின் மேலுள்ள முத்திரையைப் படத்தின் முத்திரை என்று நினைத்து, படத்தை நாற்பது ஆண்டு இளையதாக்கிய பட்டியல் ஒன்றை நான் திருத்தியிருக்கிறேன். உள்சட்டத்தின் மரத்தில் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டுகள், சாக்கட்டியில் எழுதிய எண்கள் எல்லாவற்றையும் படமெடுத்து வைக்க வேண்டும். பிற்காலத்தில் ஏதாவது ஏலப் பட்டியலோடு அவை பொருந்தக்கூடும்.

நிறமிகள் பெரும்பாலும் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்று மட்டும் சொல்லும். செயற்கை அல்ட்ராமரின் நீலம் 1820-களின் இறுதியில்தான் வந்தது. காட்மியம் மஞ்சள் 1840-களில். டைட்டேனியம் வெள்ளை முதல் உலகப்போரை ஒட்டிய காலத்தில். இவற்றில் ஒன்று அடித்தளப் பூச்சில் இருந்தால் படம் 1805-ஐச் சேர்ந்ததல்ல. மேலே மட்டும் இருந்தால், பிற்காலத்தில் யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள் என்பதோடு சரி; புற ஊதா ஒளியில் பழைய பிசின் வார்னிஷ் பச்சை கலந்து ஒளிரும், அதன்மேல் வைத்த பழுதுப்பூச்சு கரும்புள்ளிகளாக நிற்கும் என்பதால் இதைப் பிரித்தறிவது எளிது. 1805-க்குப் பிந்தைய நிறமி எதுவுமே இல்லை என்றாலோ, அதனால் ஹாப்னர் வரைந்தார் என்று ஆகிவிடாது. 1807-இல் நகலெடுத்தவரும் அதே கடையில் அதே வண்ணத்தைத்தான் வாங்கினார். எக்ஸ்-கதிர்ப் படம் இதைவிடப் பயனுள்ளது. காரீய வெள்ளை எங்கெங்கே இருக்கிறது என்று அது காட்டுவதால், தோளின் கோட்டை ஓவியர் முதலில் உயரமாகப் போட்டுப் பிறகு இறக்கினாரா, கையை வேறிடத்தில் வைத்துப் பார்த்தாரா என்பதெல்லாம் வெளிவரும். முதன்முதலில் ஒரு படத்தைக் கட்டியெழுப்புகிறவர் தேடுவார், மாற்றுவார். நகலெடுப்பவருக்கு விடை முன்னாலேயே இருக்கிறது, மாற்ற எதுவும் இல்லை. அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும்போது கரிக்கோல் கட்டங்களோ, தேடலின்றி ஒரே ஓட்டமாகப் பதிந்த வெளிக்கோடோ தெரிந்தால், நகல் என்ற கருத்து வலுப்படும். இது வலுவான சான்று. இறுதிச் சான்று என்று சொல்லமாட்டேன், ஏனெனில் தம் படத்தைத் தாமே பிரதி எடுக்கும் ஓவியரும் தேடமாட்டார்.

நீங்கள் இணைத்த இரண்டு கைப்பேசிப் படங்களுக்கு வருகிறேன். முதல் மாளிகைப் படத்தில் சன்னல் வெளிச்சம் வார்னிஷில் விழுந்து முகத்தின் பாதியை மறைத்திருப்பதால், அந்தப் பூச்சைப் பற்றி நான் எதுவும் சொல்வது நேர்மையாகாது. மேலங்கியின் இருண்ட பகுதியில் அகன்ற வெடிப்புகள் தெரிகின்றன. நிலக்கீல் கலந்த பழுப்பையும், எண்ணெயில் மாஸ்டிக் பிசினைக் குழைத்த கலவையையும் அக்கால ஆங்கில ஓவியர்கள் விரும்பிப் பயன்படுத்தியதால் வரும் வெடிப்பு அது. காலத்துக்குப் பொருந்துகிறது, ஆளைச் சொல்லவில்லை. இரண்டாவது படத்தில் கழுத்துத்துணியின் மடிப்புகள் கூர்மையான ஓரங்களோடு இருப்பது எனக்குத் தெரிகிறது, அந்த வீட்டின் அட்டை சரியாக இருக்கும் என்றே நினைக்கிறேன். அது பட்டறைக்குள் எடுத்ததா, வெளியில் எடுத்ததா என்பதைப் புகைப்படத்திலிருந்து எவராலும் சொல்ல முடியாது. சட்டத்தில் பதித்த பித்தளைப் பெயர்ப்பலகையை நீங்கள் சான்றாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதை நம்பாதீர்கள்: சட்டங்கள் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்கு மாறிக்கொண்டே இருப்பவை, பலகைகள் பெரும்பாலும் பிந்தைய தலைமுறையினர் குடும்பச் செவிவழிச் செய்தியை வைத்துப் பொறித்தவை.

மேலும் அறிய விரும்பினால், மாளிகையின் தொகுப்புப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இவர்கள் பொதுவாக மகிழ்ந்து பதில் சொல்வார்கள். படத்தின் பெயர் முதன்முதலில் எந்த ஆண்டின் வீட்டுப் பொருள் பட்டியலில் வருகிறது என்று கேளுங்கள். 1894-இல் பிரிட்டனில் சொத்துரிமை வரி கடுமையானதிலிருந்து, ஒருவர் இறக்கும்போதெல்லாம் வீட்டுப் பொருள்களின் மதிப்பீட்டுப் பட்டியல் தயாராயிற்று. அதற்கு முந்தைய, 1810-ஐ ஒட்டிய பட்டியல் ஒன்றில் ‘உணவறை: திரு. பிட்’ என்று ஒரு வரி இருந்தால், அது எக்ஸ்-கதிர்ப் படத்தைவிட அரியது. ஓவியருக்குப் பணம் கொடுத்த ரசீது கிடைத்தால் கேள்வியே முடிந்தது. தொகையை வைத்தே அசலா பிரதியா என்று ஓரளவு ஊகிக்கலாம். பொதுவுடைமையில் உள்ள படமானால் ‘ஆர்ட் யூகே’ இணையதளத்தில் பிட்டின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணெய் ஓவியங்கள் அங்கே உள்ளன, இதே முகத்தின் உறவினர்களை வரிசையாகப் பார்க்கலாம். லண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் ஆவணப் பிரிவிலும், வரையப்பட்டவரின் பெயர்வாரியாகக் கோப்புகள் வைத்திருக்கிறார்கள்.

படத்தின் பின்புறத்தை யாராவது புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறார்களா என்றும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். கிடைத்தால் இங்கே இணையுங்கள். லைனிங் இருக்கிறதா, கேன்வாஸில் முத்திரை இருக்கிறதா, உள்சட்டத்தில் சீட்டு ஏதும் ஒட்டியிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்து, இப்போது சொன்னதைவிட ஒரு படி உறுதியாக உங்களுக்கு எழுதுகிறேன்.